காது அடைப்பு என்று போனவரும் தனியாக வைத்த குவளையும்

ஈப்போ வாத்தியார்:

எதிர்வீட்டுக்காரர் சீனர், என்னோடு ஒரே பள்ளியில் இருபது ஆண்டு கணக்குப் பாடம் எடுத்தவர். வலது காது அடைத்தே இருக்கிறது, விமானம் இறங்கும்போது ஆவதுபோல, என்று மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கிளினிக்கில் குறும்பி எடுத்தார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள், பிறகு சளி என்றார்கள். காலையில் துப்பும் சளியில் ரத்தக் கோடு தெரிந்ததை மனிதர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் சவரம் செய்கையில் காதுக்குக் கீழே கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவில் ஏதோ தட்டுப்பட்டது. வலி இல்லை. வலித்திருந்தால் அன்றே ஓடியிருப்பார்.

பெரிய மருத்துவமனையில் மூக்கு வழியே மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். மூக்கின் பின்கோடியில், தொண்டை தொடங்கும் இடத்தில் கட்டி. நடுக்காதிலிருந்து வரும் குழாய் அங்கேதான் வந்து திறக்கிறதாம். அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. திசுப் பரிசோதனையில் எப்ஸ்டைன்-பார் வைரஸ் இருப்பது தெரிந்தது. புற்றுநோய் என்றபோது கலங்காத அவர் மனைவி, வைரஸ் என்றதும் கலங்கிவிட்டார். அன்று மாலையே கணவரின் குவளை அலமாரியில் தனித்தட்டுக்குப் போனது. பேரனைத் தூக்கக்கூட நண்பர் தயங்கினார்.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். "பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸ் உடலில் இருக்கிறது. உங்கள் மனைவிக்கும் இருக்கும், இந்த வாத்தியாருக்கும் இருக்கும், எனக்கும் இருக்கும்" என்றார் மருத்துவர். பெரும்பாலும் சிறுவயதில் எச்சில் வழியே வந்து, ஆயுள் முழுக்கச் சும்மா கிடக்கும். புற்றாக மாற வேறு துணையும் வேண்டும்: பரம்பரைக் கூறு, சிறுவயது முதல் தின்ற உப்புக்கருவாடு. தென்சீனத்தாரிடமும் அவர்கள் வழிவந்தவர்களிடமும் இது அதிகம். பூப்பந்து வீரர் லீ சோங் வெய்க்கு 2018இல் வந்ததும் இதே இடத்தில்தான். (அந்தக் கருவாட்டை நண்பர் வீட்டில் நானும் வருடக்கணக்கில் ருசித்திருக்கிறேன்.)

கோலாலம்பூர், கதிர்வீச்சுப் பிரிவு:

குவளை கதையை மாதம் ஒருமுறையாவது கேட்கிறேன். கதிர்வீச்சின்போது தலை அசையாமல் பிடித்துவைக்கும் முகமூடியை நாங்கள்தான் செய்கிறோம். ஓட்டை ஓட்டையான பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டால் துணிபோலத் துவளும்; முகத்தின் மேல் இழுத்துப் பிடித்தால் சில நிமிடத்தில் இறுகிவிடும். சிகிச்சை முடிந்து எழும்போது நெற்றியெல்லாம் சல்லடைத் தடம். வாரம் ஐந்து நாள், ஏறக்குறைய ஏழு வாரம். மூன்றாம் வாரம் உமிழ்நீர் வற்றும், நாக்கில் ருசி போகும். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்தும் விழுங்க முடியவில்லை என்று அழுத பாட்டியை இன்னும் மறக்கவில்லை.

ஹாங்காங்கில் நோய்க்குறி எதுவும் இல்லாத 20,174 ஆண்களின் ரத்தத்தில் இந்த வைரஸின் டிஎன்ஏவைத் தேடினார்கள். 34 பேருக்குப் புற்று இருந்தது, பெரும்பாலும் தொடக்க நிலையில். 2017இல் வெளிவந்த முடிவு. எங்களிடம் வருபவர்கள் பலரும் கழுத்துக் கட்டியோடுதான் வருகிறார்கள்.

டொராண்டோவிலிருந்து:

எனக்கு 54 வயது. புகை, வெற்றிலை எதுவும் இல்லை. டான்சிலில் புற்று, காரணம் வேறொரு வைரஸ்: ஹெச்பிவி 16, அதாவது மனிதப் பாப்பிலோமா வைரஸின் ஒரு வகை. அது உடலுறவு வழியாகப் பரவும் என்று மருத்துவர் சொன்னபோது என் மனைவி சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பும்வரை காரில் பேச்சில்லை. எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது, தொற்றுக்கும் கட்டிக்கும் இடையே பல பத்தாண்டுகள் போயிருக்கலாம் என்பதைச் செவிலியர் அவளைத் தனியே உட்கார்த்திச் சொன்ன பிறகுதான் என் முகம் பார்த்தாள். புகையிலையால் வரும் தொண்டைப் புற்றைவிட இது சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் என்பதை எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம். இங்கே 2016 முதல் ஏழாம் வகுப்புப் பையன்களுக்கும் இந்த வைரஸுக்கான தடுப்பூசி உண்டு. மகனுக்கான படிவத்தில் அவளே கையெழுத்திட்டாள்.

மதுரைக்காரன்:

இதைப் படித்துவிட்டு என் சித்தப்பா, "எல்லாம் வைரஸ்தானாம்" என்று புகையிலைப் பொட்டலத்தைப் பிரிக்கிறார். நம் ஊரில் வாய்ப்புற்றுக்குப் பெரும் காரணம் அந்தப் பொட்டலம்தான் என்று யாராவது அழுத்தி எழுதுங்கள்.

ஈப்போ வாத்தியார்:

மதுரைத் தம்பி, நீங்களே எழுதிவிட்டீர்கள். நண்பருக்குச் சிகிச்சை முடிந்து எட்டு மாதம். காது இன்னும் முழுதாகத் திறக்கவில்லை, தண்ணீர்ப் புட்டி கையை விட்டு இறங்குவதில்லை. குவளை பழைய தட்டுக்கு வந்துவிட்டது. போன வாரம் மறதியில் அதில் நான் காப்பி குடித்துவிட்டேன். அவர் மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.