ஹெர்மிட்டியன் என்றால் ஆற்றலில் கற்பனை எண் எப்படி வரும்?

காட்பாடி_எம்எஸ்சி:
நேற்று வேலூர்க் கோட்டை அகழி ஓரம் உட்கார்ந்து, இயற்பியலாளர் காமோவ் 1928-ல் செய்த ஆல்ஃபா சிதைவுக் கணக்கை, அதாவது அணுக்கரு ஆல்ஃபா துகளை உமிழும் கணக்கைப் போட்டேன். ஆற்றலில் ஒரு கற்பனைப் பகுதியைச் சேர்த்தால் கரு சிதையாமல் இருக்கும் நிகழ்தகவு எக்ஸ்பொனென்ஷியலாகக் குறைகிறது, சரி. ஆனால் ஹாமில்டோனியன் (ஆற்றலுக்கான செயலி) ஹெர்மிட்டியன், அப்படிப்பட்ட செயலியின் ஐகன் மதிப்பு, இங்கே ஆற்றல், மெய்யெண்தானே? எங்கே கோட்டை விட்டேன்?

வாலாஜா_வாத்தியார்:
விடவில்லை தம்பி. அந்தத் தீர்வை அணுக்கருவைவிட்டுத் தூரமாகப் போய்ப் பாருங்க, அலைச்சார்பு சிறுக்காமல் ஊதிக்கொண்டே போகும், வர்க்கத்தைத் தொகையிட்டால் முடிவிலி. அது ஹில்பர்ட் வெளியிலேயே (அந்தத் தொகை முடிவுள்ளதாக இருக்கும் சார்புகளின் வெளி) இல்லை, அப்புறம் ஐகன் மதிப்பு மெய்யெண் என்கிற விதி அதை எப்படிக் கட்டும்? கணிதவியலாளர் கெல்ஃபாண்ட் வழியில் இந்தத் தீர்வும் அடங்கும்படி வெளியை விரிக்கலாம், இல்லையென்றால் ரெசால்வென்டை (ஹாமில்டோனியனிலிருந்து ஆற்றலைக் கழித்ததன் நேர்மாறு) இரண்டாம் ரீமான் தாளுக்கு, அதாவது கலப்பெண் தளத்தின் இன்னொரு அடுக்குக்கு நீட்டி, அங்கே கிடக்கிற துருவமாக (அது முடிவிலியாகும் புள்ளி) எடுக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும், முதலாவதில் கணக்கைவிட வரையறை அதிகம்.

ஆம்பூர்_குவாண்டம்:
எக்ஸ்பொனென்ஷியல் சிதைவே தோராயம்தான். ஆற்றலுக்குக் கீழ் எல்லை இருப்பதால் வெகுநேரம் கழித்து அதைவிட மெதுவாகத் தேயும் என்று கால்ஃபின் என்பவர் 1957-லேயே காட்டினார். தொடக்கத்திலும் நேரத்தின் வர்க்கப்படிதான் குறையும். ஆரம்ப நேர விலகலை 1997-ல் சோடியம் அணுக்களில் பார்த்தும்விட்டார்கள்.

காட்பாடி_எம்எஸ்சி:
வாத்தியார் சொன்ன அலைச்சார்பை வரைந்து பார்த்தேன் சார், கோடு நோட்டைத் தாண்டிவிட்டது.