காரின் கையேட்டில் 91, பெட்ரோல் பங்கில் 95: எதைப் போடுவது?

சாலைக்குருவி
என் காரின் கையேட்டில் "ஆர்ஓஎன் 91 அல்லது அதற்கு மேல்" என்று போட்டிருக்கிறது, அதாவது பெட்ரோலின் ஆக்டேன் எண். 1.5 லிட்டர் பெட்ரோல், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) கிடையாது. 95 போட்டால் மைலேஜ், பிக்கப் ரெண்டுமே கூடும் என்கிறார் நண்பர். உண்மையா?

ஐந்தாம்கியர்
தாராளமா போடுங்க. 95-க்கு மாறினதுல இருந்து என் வண்டி ஏத்தத்துல கியர் குறைக்காமலே இழுக்குது. நல்ல பெட்ரோல்னா நல்ல சக்தி, அவ்வளவுதான்.

ஸ்பேனர்
அந்தக் கடைசி வரிதான் தப்பு சகோ. ஆக்டேன் என்பது சக்தியின் அளவே இல்லை. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது, தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. ஐசோ ஆக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்திருக்கிறார்கள். 95 என்றால், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்தால் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. எரிந்தால் வரும் வெப்பம் 91-லும் 95-லும் கிட்டத்தட்ட ஒன்றுதான். உங்கள் வண்டி டர்போவா?

ஐந்தாம்கியர்
ஆமா, 1.0 டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன். அப்போ நான் உணர்ற இழுவை பிரமையா?

ஸ்பேனர்
பிரமை இல்லை. டர்போவில் அழுத்தம் அதிகம், நாக்கிங் (பெட்ரோல் தானாகப் பற்றிக்கொண்டு டொக்டொக்கென்று தட்டுவது) சீக்கிரம் வரும். நாக் சென்சார் அதைக் கேட்டதும் ஈசியூ (இன்ஜினின் கணினி) ஸ்பார்க் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், அதாவது பொறியைத் தாமதமாக்கும், இழுவை போய்விடும். 95-ல் அந்தத் தேவை குறைவு. அதனால்தான் ஏற்றத்தில் உங்களுக்கு வித்தியாசம் தெரிகிறது. 91-க்கென்றே டியூன் செய்த, டர்போ இல்லாத இன்ஜினில் டைமிங் ஏற்கெனவே சரியான இடத்தில் நிற்கும். அங்கே 95-க்கு வேலையே இல்லை.

ஐந்தாம்கியர்
டர்போ இல்லாட்டி வேலை இல்லைன்னு ஒரேயடியா சொல்லாதீங்க. மஸ்டா ஸ்கைஆக்டிவ் பெட்ரோல் இன்ஜினுக்கு டர்போ இல்லாமலே கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள கலவையை எத்தனை மடங்கு நசுக்குதுங்கிற விகிதம்) 14:1 வரைக்கும் போகுது. அதுல ஆக்டேனுக்கு நல்லாவே வேலை இருக்கு.

ஸ்பேனர்
அது சரி. அதனால்தான் பார்க்க வேண்டியது கையேட்டை. "குறைந்தபட்சம் 91, பரிந்துரை 95" என்று ரெண்டு வரி இருந்தால் ஐந்தாம்கியர் சொல்வதைக் கேளுங்கள். 91 மட்டும் என்றால் காசை மிச்சம் பிடியுங்கள். இன்னொன்று, சில நாடுகளில் பங்கில் 87 என்று எழுதியிருக்கும். அது ஆர்ஓஎன், எம்ஓஎன் (இன்னும் கடுமையான சோதனையில் அளக்கும் ஆக்டேன் எண்) ரெண்டின் சராசரி. ஆர்ஓஎன் கணக்கில் ஏறத்தாழ 91 வரும். பயப்பட வேண்டாம்.

கணக்குப்பிள்ளை
ரெண்டு பேரும் ஆக்டேனையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அவர் மைலேஜும் கேட்டாரே? எத்தனால் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாருங்கள். லிட்டருக்கு லிட்டர், எத்தனாலில் இருப்பது பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு வெப்பம்தான். 10 சதவீதம் கலந்தால் 3 சதவீதம் போகும், 20 கலந்தால் ஆறேழு. ஆனால் எத்தனாலின் ஆக்டேன் 100-க்கும் மேல். எத்தனாலைக் கூட்டி ஆக்டேனை ஏற்றிய பெட்ரோலைப் போட்டால் பலகையில் எண் கூடும், மைலேஜ் குறையும்!

ஐந்தாம்கியர்
அதுக்கேத்த கம்ப்ரஷன் உள்ள இன்ஜின்னா கொஞ்சம் ஈடுகட்டும். அதோட விலை கூடின பெட்ரோல்ல டிடர்ஜென்ட் இருக்கு, வால்வு சுத்தமா இருக்கும்.

ஸ்பேனர்
யார் வால்வு? டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. உங்கள் இன்டேக் வால்வைத் தொடக்கூடத் தொடாது 😀 இன்ஜெக்டர் சுத்தமாகும், அவ்வளவே.

கணக்குப்பிள்ளை
95-ன் விலை 8 சதவீதம் கூடுதல் என்றால் மைலேஜும் 8 சதவீதத்துக்கு மேல் ஏற வேண்டும். இல்லாவிட்டால் நஷ்டம். டேஷ்போர்டு காட்டுவதை நம்பாதீர்கள். ஒரே பங்கில் டேங்கை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அடுத்த முறை நிரப்பிய லிட்டரால் வகுங்கள். டயர் காற்று ஒரே அளவில் இருக்கட்டும். ஒரு டேங்கோடு முடிவு கட்ட வேண்டாம்.

சாலைக்குருவி
கையேட்டை முழுக்கப் பார்த்துவிட்டேன். பரிந்துரை என்று தனி வரி இல்லை. கம்ப்ரஷன் 10.5, எத்தனால் 10 சதவீதம் வரை போடலாம். 91-லேயே இருக்கிறேன்.

ஐந்தாம்கியர்
சரி, ஆனா கொளுத்துற வெயில்ல முழு பாரத்தோட மலையேறும்போது டொக்டொக்னு சத்தம் கேட்டா அன்னைக்காவது 95 போடுங்க.

ஸ்பேனர்
போடலாம். ஆனால் 91-க்கான வண்டியில் அந்தச் சத்தம் அடிக்கடி வந்தால் கார்பன், ஸ்பார்க் பிளக், கூலன்ட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.