கப்பலில் வந்து புதுச்சேரியில் இறங்கியவர்கள், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கோவைக்காரி:

நேராக விஷயத்துக்கு வருகிறேன். விசாகப்பட்டினம் போய்ப் புதுச்சேரி வழியாகச் சென்னை திரும்பும் கப்பல். நானும் அப்பாவும் மட்டும். கப்பல் கரைக்கு வராது, தெரியும்தானே? கடலிலேயே நங்கூரம் போட்டுவிட்டுச் சின்னப் படகில் உப்பளம் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து விடுவார்கள். நாங்கள் இறங்கும்போது மணி 11. மூன்றரைக்குள் திரும்பியாக வேண்டும்.

எங்களோடு இறங்கிய கூட்டம் முழுக்க ஒயிட் டவுனுக்கு ஓடியது. மஞ்சள் சுவர், காகிதப்பூ, போட்டோ. அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர், ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுக இடமான "அரிக்கமேடு" என்றதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "அங்க ஒண்ணுமே இருக்காதே சார்" என்றார். அவர் சொன்னது சரிதான். மாமரம், தென்னை, பின்னால் ஆறு, நடுவில் இடிந்த செங்கல் சுவர். அப்பா அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "ரோமாபுரிக்காரன் தொட்ட செங்கல்" என்றார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு பையன் வந்தான். பத்து வயது இருக்கலாம். பள்ளி நிக்கர், மேலே வேறு ஏதோ பனியன். அப்பாவின் முன்னால் வந்து நின்று, மூடியிருந்த கையைத் திறந்தான். மிளகு அளவில் ஐந்தாறு மணிகள். "மழை பேஞ்சா மேல வரும் தாத்தா." அதில் ஒன்றை எடுத்து அப்பாவின் கையில் வைத்தான். அப்பாவுக்குப் பேச்சே வரவில்லை.

நான் பர்ஸைத் திறந்து ஐம்பது ரூபாயை நீட்டினேன். பையன் நோட்டைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். "இல்லக்கா, தாத்தாவுக்குச் சும்மாதான் குடுத்தேன்" என்றான். அதற்குள் நான் அதை அவன் நிக்கர் பையில் திணித்துவிட்டேன். ஆட்டோ காத்திருந்தது. திரும்பிப் பார்த்தபோது நோட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

அப்பா அன்று முழுக்க என்னிடம் சரியாகப் பேசவில்லை. மணி இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

அரியாங்குப்பம் ஆள்:

சகோதரி, முதலில் ஒன்று. உங்கள் அப்பா தொட்ட செங்கல் ரோமாபுரிக்காரன் தொட்டது இல்லை. அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டிய வீடு. இடிந்து நிற்பது அதன் மிச்சம். ரோமானியர் காலத்தது எல்லாம் மண்ணுக்குள் இருக்கிறது. 1945-ல் வீலர் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் தோண்டியபோது இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்புப் பானை ஓடுகள் கிடைத்தன. மது, எண்ணெய் வந்த ஆம்போரா ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. அப்புறம் குழிகளை மூடிவிட்டார்கள். வருகிறவர் எல்லாரும் அந்தச் சுவரைக் கட்டிப்பிடித்துப் போட்டோ எடுப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இரண்டாவது, அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். ஒரு ஓட்டுத் துண்டைக்கூட எடுத்துப்போகக் கூடாது. பழம்பொருளை உரிமம் இல்லாமல் விற்பதும் 1972 சட்டப்படி குற்றம்.

நானும் அந்தத் தோப்பில் மணி பொறுக்கித் திரிந்தவன்தான். 1989 முதல் 1992 வரை அங்கே மறுபடி அகழாய்வு நடந்தபோது நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். ஒரு டப்பா நிறைய மணி கொண்டுபோய்க் குழி ஓரத்தில் நின்றிருந்த ஒருவரிடம் பெருமையாக நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். "எந்த இடத்தில் எடுத்தாய், காட்டு" என்றார். தோப்பு முழுக்கக் கையைச் சுற்றிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

குண்டு சாலை:

மேலே உள்ளவர் சட்டம் பேசுகிறார், நல்லது. ஆனால் அரிக்கமேடு வெளியே தெரிந்ததே பையன்கள் மணி விற்றதால்தான். 1930களில் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் அந்த ஊர்ப் பிள்ளைகளிடம்தான் மணியும் கல்லும் காசு கொடுத்து வாங்கினார். அகஸ்டஸ் சீசர் தலை செதுக்கிய கல் ஒன்றும் அவர் கையில் வந்தது. வீலர் வந்ததெல்லாம் அதற்குப் பின்னால். அன்றைக்குத் துரை வாங்கினால் ஆராய்ச்சி, இன்றைக்குக் கோவைக்கார அம்மா வாங்கினால் குற்றமா?

சரி, என் கதை. நான் கடலூர், வேன் ஓட்டுகிறேன். கப்பலில் இறங்கிய ஏழு பேர், "பாண்டிச்சேரி பலதடவை பார்த்தாச்சு, செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போங்க" என்றார்கள். அங்கே கோட்டை என்று நிற்பது ஒன்றும் இல்லை என்று முதலிலேயே சொன்னேன், கேட்கவில்லை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தரைமட்டமாக்கிவிட்டான். தேவனாம்பட்டினத்தில் இறக்கிவிட்டால், "கோட்டை எங்கே, கோட்டை எங்கே" என்று என்னையே ஏமாற்றுக்காரன் மாதிரி பார்க்கிறார்கள்.

அந்த மாதிரி நேரத்துக்கென்று என்னிடம் ஒரு கதை உண்டு. 1690-ல் மராட்டியரிடம் வெள்ளைக்காரன் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் நிலமும் சேர்த்து என்று பேச்சு. நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் வரைக்கும் இருந்த ஊர்கள் எல்லாம் கிழக்கிந்தியக் கும்பினிக்குப் போயின. இன்றைக்கும் குண்டு உப்பலவாடி என்றுதான் ஊர்ப் பெயர், குண்டு சாலை என்றுதான் ரோட்டுப் பெயர். பத்து வருஷமாகச் சொல்கிறேன், எல்லாரும் சிரிப்பார்கள். அன்றைக்கும் சிரித்தார்கள். கடைசி சீட்டில் இருந்த ஒரு பெண், பன்னிரண்டு வயது இருக்கும், "குண்டு விழுந்த எடத்துல அப்ப யாரு இருந்தாங்க அங்கிள்?" என்றது.

எங்கள் அம்மாவின் ஊரே குண்டு உப்பலவாடிதான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். அதற்கப்புறம் அந்தக் கதையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஓய்வுபெற்ற ரயில்காரர்:

எல்லாரும் வரலாறு பேசுகிறீர்கள். என் பிரச்சினை அரிவாள்மனை.

என் மனைவி பெரிய மார்க்கெட்டில் ஒரு அரிவாள்மனை வாங்கினாள். நல்ல கனமான பலகை, தேங்காய் துருவும் பூவோடு சேர்ந்தது. அதைத் தாளில் சுற்றித் தூக்கிக்கொண்டு நான் வந்தேன். படகு ஏறும் இடத்தில் பையை எந்திரத்துக்குள் விட்டார்கள், மணி அடித்தது. கத்தி, கத்தரிக்கோல் எதுவும் கப்பலில் ஏற்றக் கூடாதாம். என் மனைவி அந்தக் காவலரிடம், "தம்பி, இதை வைச்சு நான் கப்பலையா கடத்தப்போறேன்?" என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. கடைசியில் எங்களைக் கொண்டுவந்து விட்ட ஆட்டோக்காரரிடமே அதைக் கொடுத்துவிட்டு ஏறினோம். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, பின்சீட்டில் ஆளை உட்காரவைப்பது மாதிரி வைத்தார்.

இனி போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கப்பல் புறப்படும் நேரத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் துறைமுக வாசலில் இருங்கள். கப்பல் அட்டையையும் அடையாள அட்டையையும் சட்டைப்பையில் வையுங்கள், மனைவியின் கைப்பையில் வேண்டாம். மணக்குள விநாயகர் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். வாசலில் நின்ற யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துபோனது. இன்னும் யானையைப் பார்க்கலாம் என்று பிள்ளைகளை ஏமாற்றிக் கூட்டிப்போகாதீர்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகம் திறக்காது. ஞாயிற்றுக்கிழமையானால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் உண்டு, ஆனால் பேரம் பேசத் தெரிந்தவர்கள் மட்டும் போங்கள், தெரியாதவர்கள் வேடிக்கை பாருங்கள். மாலையில் கடற்கரைச் சாலைக்குள் வண்டி விடமாட்டார்கள், முட்டி வலிக்காரர்கள் அதை நினைவில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கடல் சரியில்லை என்றால் படகே விடமாட்டார்கள், கப்பலில் இருந்தபடியே கரையைப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான். ஆட்டோவில் ஏறும் முன்பே போக, வர, காத்திருக்க எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள். சில்லறை வையுங்கள். குடை வையுங்கள். வாந்தி வருகிறவர்கள் சின்னப் படகில் ஏறும் முன் எதுவும் சாப்பிடாதீர்கள், ஏறினால் கண்ணைக் கரையில் வையுங்கள், தண்ணீரைப் பார்க்காதீர்கள். கோவைக்கார அம்மா, மணியை வெந்நீரில் கழுவிவிட்டு வையுங்கள், மண்ணில் என்னென்ன கிருமி இருக்குமோ.

கீழ்த்தளம்:

நான் இறங்கவில்லை. அதனால் இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை.

கப்பலில் ஹவுஸ்கீப்பிங் பிரிவு, அறை சுத்தம் செய்கிறேன். சொந்த ஊர் கடலூர் முதுநகர். கப்பல் புதுச்சேரிக்கு வரும் என்றதும் அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் கப்பல் நிற்கும்போது பணியாளரில் ஒரு பகுதி கட்டாயம் உள்ளேயே இருக்க வேண்டும், ஐ.பி.எம். என்போம். அன்றைய பட்டியலில் என் பெயர் இருந்தது. அம்மா அதற்குள் பஸ் ஏறிவிட்டார்.

சாயங்காலம் இடைவேளையில் மேலே போய் நின்றேன். கரை ஒரு கோடு மாதிரி. வெள்ளையாக ஏதோ ஒன்று நிமிர்ந்து தெரிந்தது, கலங்கரை விளக்கம் என்று நானே வைத்துக்கொண்டேன். அம்மா போனில், "காந்தி சிலைகிட்ட நிக்கறன்டா, கப்பல் தெரியுது, எல்லா லைட்டும் போட்டிருக்கு. நெத்திலிக் கருவாடு கொழம்பு கொண்டாந்திருக்கன். அந்தப் படகுக்காரங்ககிட்ட குடுத்தா உன்கிட்ட தருவாங்களா?" என்றார். தரமாட்டாங்கம்மா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "போன்ல லைட்ட அடிக்கறன், ஆட்டறன் பாரு, தெரியுதா?" என்றார்.

கரை முழுக்க விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. எது எது என்று எப்படிச் சொல்வது? "தெரியுதும்மா" என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்களிடம், "எம்புள்ளைக்குத் தெரியுதாம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

ஓய்வுபெற்ற ரயில்காரர்:

தம்பி, அடுத்த தடவை ஒப்பந்தம் போடும்போதே, இந்தத் துறைமுகத்தில் எனக்கு இறங்க அனுமதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். உடன் வேலை செய்பவரோடு முறை மாற்றிக்கொள்ளலாம், ரயில்வேயில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். கருவாட்டுக் குழம்பு ஒருநாள் தாங்கும், அம்மாவைச் சென்னைத் துறைமுகத்துக்கே வரச் சொல்லியிருக்கலாம்.

குண்டு சாலை:

ஐயா, கொஞ்சம் சும்மா இருங்களேன்.

தம்பி, நான் முதுநகர் பக்கம் தினமும் வருகிறவன். அடுத்த முறை கப்பல் எப்போது என்று இங்கேயே எழுதுங்கள். அம்மாவை வேனில் கூட்டிப்போகிறேன். காசு பேச்சு வேண்டாம்.

அரியாங்குப்பம் ஆள்:

ழுவோ துப்ரேய் வாங்கியது வேறு காலம், வேறு சட்டம். வேன்காரர் அதையும் இதையும் குழப்புகிறார். அவர் வாங்கியதால் தெரிந்தது எவ்வளவு, எங்கே எடுத்தது என்று தெரியாமல் போனது எவ்வளவு, அதையும் சொல்ல வேண்டும்.

கோவைக்காரி, பயப்படாதீர்கள், அது பழைய மணியாகவே இல்லாமலும் இருக்கலாம். கண்ணாடியைக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி, சாம்பலோடு மறுபடி சூடாக்கி முனையை மழுப்பி மணி செய்வது அரிக்கமேட்டுத் தொழில். அதே முறை ஆந்திராவில் பாப்பாநாயுடுபேட்டையில் இந்தக் காலம் வரைக்கும் இருந்து வந்திருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். என்ன நிறம் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

கோவைக்காரி:

பழையதா புதியதா என்று நான் கேட்கவே இல்லை, அண்ணா. சட்டத்தையும் கேட்கவில்லை. சும்மா கொடுத்தேன் என்று அந்தப் பையன் சொன்ன பிறகும் நோட்டைத் திணித்தேனே, அதைத்தான் எழுதினேன்.

நிறம் கறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அப்பா அதை வாங்கி டார்ச் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார், உள்ளே கருநீலம். துளைக்குள் மண் அப்படியே இருக்கிறது. கழுவவில்லை. மழைக்காலம் முடிந்ததும் ரயிலில் போகலாம் என்கிறார். பையன் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஓய்வுபெற்ற ரயில்காரர்:

ரயிலில் போவதானால் விழுப்புரத்தில் மாற வேண்டி வரலாம், முன்பதிவை இப்போதே செய்துவிடுங்கள். அப்படியே உப்பளம் ஆட்டோ நிறுத்தத்தில் ஒரு வார்த்தை விசாரியுங்கள் அம்மா. முன் கண்ணாடியில் மாதா படமும் முருகன் படமும் சேர்த்து ஒட்டியிருக்கும். பலகையின் அடியில் என் மனைவி பேனாவால் 'பா' என்று எழுதி வைத்திருக்கிறாள்.