டார்ச்சுக்குக் கயிறு கட்டலாமா வேணாமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

வணக்கமுங்க. நமக்கு கோபி பக்கம், கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் வாழை. மோட்டார் ஓட்டற த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி வர்ற வாரம் ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போய் மடை மாத்தணும், அதுக்குன்னே 18650 பேட்டரி போடற ரீசார்ஜ் டார்ச் ஒண்ணு வாங்கினேன். டப்பாவுக்குள்ள கறுப்பா ஒரு கைக்கயிறும் இருந்துச்சு, இதையெல்லாம் எவன் மாட்டுவான்னு பீரோவுல தூக்கிப் போட்டாச்சு. போன செவ்வாக்கிழமை மோட்டார் தண்ணி கம்மியா எடுத்துச்சு, கெணத்துல தண்ணி எங்க நிக்குதுன்னு திட்டுல குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தேன், கை பூரா சேறு, வழுக்கிருச்சு. கல்லுல ஒரு இடி, அப்புறம் டொபுக்குன்னு சத்தம். அணையவே இல்லீங்க! பதினஞ்சு அடி தண்ணிக்கு அடியில பச்சையா எரிஞ்சுக்கிட்டுக் கெடக்குது, ஒரு கெண்டை வந்து அந்த வெளிச்சத்துக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டுப் போவுது. நான் செல்போன் வெளிச்சத்துல பாம்புக்குப் பயந்து காலைத் தட்டித் தட்டி வீடு வந்து சேந்தேன். காலையில போய்ப் பாத்தா அணைஞ்சு கெடக்கு.

அடுத்ததுக்குக் கயிறு கட்டிரலாம்னு இருக்கேன். ஆனா எங்க பெரியப்பா "கையில கவுறு கட்டிக்கிட்டு மோட்டார் ரூமுக்குள்ள போவாதடா"ங்கறார். யாருக்காச்சும் நல்லதோ கெட்டதோ நடந்திருந்தா சொல்லுங்க.

*

கட்டுங்க ப்ரோ, யோசிக்கவே வேணாம். வெள்ளியங்கிரி நாலு தடவ ஏறியிருக்கேன், ராத்திரில தான் ஏறுவோம், ஒரு கையில மூங்கில் தடி, இன்னொரு கை பாறையப் பிடிக்கணும், அப்ப டார்ச்ச எங்க வைப்பீங்க? மொத தடவ வாயில கடிச்சுக்கிட்டுப் போனேன், எச்சில் ஒழுகி தாடை வலி எடுத்துருச்சு. வழுக்குப்பாறைல எனக்கு முன்னாடி போனவர் டார்ச் நழுவி டக் டக்னு உருண்டு கீழ போனது இப்பவும் காதுல கேக்குது, பாவம் மனுஷன் மிச்ச மலை பூரா என் வெளிச்சத்துலயே ஏறுனார். ஆனா ஒண்ணு, எரியுறப்பவே மணிக்கட்டுல தொங்க விடாதீங்க. வெளிச்சம் ஊஞ்சலாடும், கல்லோட நிழலும் சேந்து ஆடும், எது படி எது நிழல்னு தெரியாது. ஒரு எடத்துல நான் நிழல்ல கால வச்சுட்டேன், முட்டில இன்னும் தழும்பு இருக்கு.

*

ராமநாதபுரம் பக்கம், வள்ளத்துல போறவன். கடல்ல கைல கட்டாதீக. கெளம்புன புதுசுல நானும் கட்டிக்கிட்டுத்தான் போனேன். வலை விடும்போது வண்டி ஓடிக்கிட்டே இருக்கும், வலை அது பாட்டுக்கு வேகமா எறங்கும், அந்தக் கயித்துல இருந்த குட்டி வளையம் வலைக் கண்ணில மாட்டிக்கிருச்சு. கைய வெடுக்குன்னு இழுத்துச்சு பாருங்க, தோள்பட்டை கழண்டுருச்சுன்னே நெனச்சேன். பின்னாடி இருந்த மச்சான் கத்திய எடுத்து அறுத்து விட்டான். டார்ச்சு வலையோட போயி காலையில வலை வாங்கும்போது ஒரு நண்டோட சேந்து வந்துச்சு, அது வேற கதை.

இப்ப டார்ச்ச வள்ளத்துப் பலகையில கட்டி வச்சிருக்கேன், ஒடம்புல கட்டுறதில்ல. இன்னொண்ணு, நைலான் கயிறு தண்ணில முங்கிரும், பிபி கயிறு, அதான் பாலிப்ரொப்பிலீன், மெதக்கும். ஆனா அதுக்காக டார்ச்சும் மெதக்கும்னு நெனச்சுராதீக, அதுக்கு வலையில போடுற மெதப்பு ஒண்ணு கோத்து விடணும். வாளித் தண்ணில போட்டுப் பாத்துட்டுக் கொண்டு போங்க.

*

தம்பி உங்க பெரியப்பா சொல்றதக் கேளுங்க. நான் ஆயில் இன்ஜின் காலத்து மெக்கானிக். அப்பல்லாம் மூணு கட்டை பேட்டரி லைட்டு, பித்தளை மூடில மடக்கு வளையம் இருக்கும், அதுல அரணாக்கயிறக் கோத்து மணிக்கட்டுல சுருக்குப் போட்டுக்கறது. ஒரு நாள் இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கறப்பவே டீசல் எங்க ஒழுகுதுன்னு குனிஞ்சேன். லைட்டு கை மாறும்போது தொங்குச்சு, கயிறு பிளைவீல் பக்கம் போச்சு, அவ்வளவுதான், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள என் கை போயிட்டு வந்துருச்சு. போயிட்டு வந்துருச்சுன்னு ஏன் சொல்றேன்னா அது ரெண்டு வருஷம் இடுப்புல கெடந்து நைஞ்ச பழைய கயிறு, பட்டுன்னு அறுந்துருச்சு. லைட்டு சுவத்துல அடிச்சு அப்பளமாச்சு. மணிக்கட்டுல மட்டும் வளையல் மாதிரி ஒரு செவப்பு.

இப்ப பசங்க பாராகார்டுன்னு ஒண்ணு, பாராசூட்டுக் கயிறு, கட்டிக்கிட்டுத் திரியறாங்க. அதுல 550ன்னு போட்டிருக்கறது பவுண்டு கணக்கு, கிட்டத்தட்ட 250 கிலோ தாங்கும். லைட்டோட எடை கால் கிலோ கூட இல்ல, எதுக்குப்பா அவ்வளவு? அன்னைக்கு என் கையில அது இருந்திருந்தா கயிறு அறுந்திருக்காது, வேற ஏதாவது அறுந்திருக்கும். சுத்துற எதுக்குப் பக்கத்துலயும் மோதிரம், வாட்ச்சு, கயிறு, துண்டு எதுவும் ஆகாது. அப்படியே கட்டுனாலும் சுருக்கு முடிச்சு போடாதீங்க, இழுத்தா இறுகும். சும்மா வட்டமா, கைய உருவுனா வெளிய வர்ற மாதிரி இருக்கட்டும்.

*

எலக்ட்ரீஷியன். மேல அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேத்துக்கங்க, சில டார்ச்சுல குட்டிக் குட்டி மணியா கோத்த ஸ்டீல் செயின் வரும். பேனல் தொறந்து பஸ்பார் (கரண்ட் ஓடுற பட்டைக் கம்பி) முன்னாடி நிக்கிறப்ப அது தொங்குனா நீங்க டார்ச் புடிக்கல, ஷார்ட்ட புடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. நான் வாங்குன அன்னைக்கே கழட்டிக் குப்பைல போட்டேன்.

*

எனக்கு என்னமோ கயிறே தொல்லைன்னு தோணுது, பாக்கெட் கிளிப் போதாதா? நாங்க வேதாரண்யம் பக்கம். 2018 நவம்பர் கஜா புயல்ல கரண்ட் போச்சு, எப்ப வரும்னு தெரியாம ஒவ்வொரு ராத்திரியும் டார்ச்ச தலகீழா நிக்க வச்சு, ஓட்டுக்கு அடில பழைய வெள்ளை வேட்டியக் கட்டி வெளிச்சத்த அதுல அடிக்க விடுவோம், வீடு பூரா பரவும், அதுல தான் சோறு சாப்டோம். ஆனா கயிறு முடிச்சு அடில இருந்தா டார்ச் நேரா நிக்காது, ஆடி ஆடி விழும். ரெண்டு தடவ கொழம்புலயே விழுந்துச்சு. அப்ப அறுத்துப் போட்டதுதான், அப்புறம் கட்டவே இல்ல. கெணத்துக்காரர் கதை வேற, ஒத்துக்கிறேன். ஏங்க, பாதாளக்கரண்டி, அந்தக் கொக்கிக் கொத்து, போட்டுப் பாத்தீங்களா? இல்ல காந்தம்?

*

எல்லாருக்கும் நன்றிங்க, மெக்கானிக் அண்ணன் எழுதுனதப் பெரியப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன், மனுஷன் ரெண்டு நாளா மீசைய முறுக்கிக்கிட்டுத் திரியறார்.

பாடி அலுமினியம், அதுல காந்தம் ஒட்டாதுங்க. பாதாளக்கரண்டி பக்கத்துத் தோட்டத்துல வாங்கியாந்து ரெண்டு சாயங்காலம் போட்டோம். கரண்டி டார்ச்சத் தட்டுற சத்தம் கயித்துல தெரியுது, உருளுது, ஆனா வழவழன்னு உருண்டையா இருக்கறதுல கொக்கி எங்க மாட்டும்? அந்தப் பீரோக் கயிறு மட்டும் அதுல இருந்திருந்தா மொத இழுப்புலயே மேல வந்திருக்கும். டார்ச்சுக்குப் பதிலா ஒரு பித்தளைச் சொம்பு வந்துச்சு, காது வச்ச சொம்பு. எங்கம்மா பாத்துட்டு "இது எங்கூட்ல இருந்து நான் கொண்டாந்ததுடா, இத்தன வருஷமா உங்க அத்தை எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்"ன்னு கெணத்து மேட்டுலயே உக்காந்துட்டாங்க. இப்ப அத்தைகிட்ட என்னத்தச் சொல்றதுன்னு தெரியல.

புது டார்ச் வந்திருச்சு. பையனோட பழைய ஸ்கூல் ஐடி கார்டு டேக் ஒண்ணு, இழுத்தா பின்னாடி பூட்டு தானா கழண்டுக்கற மாதிரி இருக்குமே, அத வெட்டிச் சின்னதாக்கி மாட்டியிருக்கேன். மோட்டார் ரூம் கதவுல ஒரு ஆணி அடிச்சிருக்கு, உள்ள போறப்ப டேக்கக் கழட்டி அதுல மாட்டிட்டுத்தான் போறேன். நேத்து ராத்திரி ஆணியிலயே மறந்துட்டு வந்துட்டேன், அது தனிக் கதை.