எலித் தோலில் கட்டியைக் குறைத்த குர்குமின் நமக்கும் உதவுமா?

கேள்வி: மஞ்சளில் இருக்கும் குர்குமின் சுண்டெலிகளுக்குத் தோல் கட்டி வராமல் தடுத்ததாம். மாத்திரையாகப் போட்டுக்கொண்டால் நமக்கும் பலன் இருக்குமா?

பதில்: இந்த எலிச் சோதனையில் வேலை பார்த்திருக்கிறேன். முதுகு முடியை மழித்து, டி.எம்.பி.ஏ. என்ற புற்று உண்டாக்கும் ரசாயனத்தை ஒரே ஒரு தடவை தடவுவோம். மரபணுவைக் கெடுக்க அதுவே போதும். அப்புறம் கட்டி வளரத் தூண்டும் டி.பி.ஏ. என்ற ரசாயனம், வாரம் இரண்டு முறை, மாதக்கணக்கில். மரு மாதிரி முளைத்து வரும், ஒவ்வொன்றாக எண்ணுவோம். டி.பி.ஏ.வுக்குச் சற்று முன்னால் அதே இடத்தில் குர்குமின் பூசினால் எண்ணிக்கை நன்றாகக் குறையும். கவனிங்க, பூசினால்! விழுங்கினால் ரத்தத்தில் சேர்வது சொற்பம். இன்னொரு வேடிக்கை: கட்டியைத் தூண்டும் டி.பி.ஏ.வே நேர்வாளச் செடியின் விதை எண்ணெயில் இருப்பதுதான். அதுவும் செடிதானே!

வேறொருவர்: திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால்?

பதில்: 1997-இல் பெரிதாகப் பேசப்பட்டதே, அதிலும் இதே எலி முதுகுதான். மனிதர்களிடம், கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினைச் சோதித்த முடிவு 1990-இல் வந்தது. ஏற்கெனவே தோல் புற்று வந்தவர்கள் ஐந்து வருடம் சாப்பிட்டும் புதுக் கட்டிகள் குறையவில்லை. வெயிலுக்குத் தொப்பி போடுங்க, மாத்திரைக் காசு மிச்சம்.