பதில்: 'இதய எக்கி' பலூனுக்குப் பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம்.

களைத்த இதயத்துக்குத் துணையாக, அதிலிருந்து கிளம்பும் பெருந்தமனிக்குள் வைக்கும் பலூன் கருவிக்கு (intra-aortic balloon pump) நீங்கள் சொன்ன 'இதய எக்கி' (எக்கி = pump) எனக்கு ஒப்பவில்லை, ஐயா. எக்கி என்றால் ஓரிடத்தில் உறிஞ்சி இன்னோரிடத்தில் தள்ள வேண்டும். ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பும் எக்மோவும், இதயத்துக்குள் வைக்கும் சிறு எக்கியான இம்பெல்லாவும் அதைச் செய்கின்றன. பெருந்தமனிக்குள் வைக்கும் பலூன் ஒரு சொட்டு ரத்தத்தையும் உறிஞ்சுவதில்லை.

தொடைத் தமனி வழியாக ஏற்றி, இடது கைக்குப் போகும் தமனி பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துகிறார்கள். இதயம் சுருங்கி ஓய்ந்ததும் ஏறக்குறைய 40 மில்லி ஹீலியம் பாய்ந்து பலூன் உப்பும். எடை குறைந்த வாயு, விரைந்து போய்வரும். ரத்தத்தில் ஒரு பங்கு பின்வாங்கி இதயத் தமனிகளுக்குள் ஏறும். அடுத்த சுருக்கத்துக்குச் சற்று முன் பலூன் சட்டென்று வற்றும். அழுத்தம் இறங்கிய தமனிக்குள் களைத்த இதயம் சுலபமாக ரத்தத்தைத் தள்ளிவிடும். ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவது போலத்தான். நேரம் தப்பினால் உலக்கைகள் மோதும். பலூன் வற்றத் தாமதித்தால் இதயம் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். 1967-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் மருத்துவர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் முதன்முதலில் நோயாளிக்கு வைத்ததும் இந்தக் கணக்கில்தான்.

இப்படி மாற்றி மாற்றித் துடிக்கும் முறைக்கு (counterpulsation) 'எதிர்த்துடிப்பு' சரியான சொல்தான். ஆனால் என் சித்தப்பாவுக்கு பைபாஸ் முடிந்து, இதய-நுரையீரல் இயந்திரத்தை விட்டு இதயம் தானாக ஓட மறுத்தபோது இந்தப் பலூனைத்தான் வைத்தார்கள். வெளியே நின்ற சித்தி, "பலூன் வைக்கிறதா இருந்தா முதல்லயே வெச்சிருக்கலாமே, நெஞ்சை எதுக்குப் பிளந்தாங்க?" என்று அழுதார். அவர் அறிந்தது அடைப்பை விரிக்கும் ஆஞ்சியோ பலூன். வேறுபடுத்திச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. 'எதிர்த்துடிப்பு' என்றிருந்தால் இதயத்துக்கு எதிராக என்னவோ செய்கிறார்கள் என்று இன்னும் பயந்திருப்பார்.

ஆகவே என் முன்மொழிவு: இடைத்துடிப்புப் பலூன். இரண்டு துடிப்புகளுக்கு இடையே துடிப்பது. சித்தப்பாவுக்கு மூன்றாம் நாள், இதயத் துடிப்பு ஒன்றுக்குப் பலூன் துடிப்பு ஒன்று என்றிருந்ததை இரண்டுக்கு ஒன்று, பிறகு மூன்றுக்கு ஒன்று எனக் குறைத்துத்தான் கழற்றினார்கள். "மூன்று துடிப்புக்கு ஓர் இடைத்துடிப்பு" என்று செவிலியர் சொன்னால் சித்திக்கும் புரிந்திருக்கும்.

இதயத்தில் நேரத்துக்கு முன்பே முந்திக்கொண்டு வரும் துடிப்போடு (extrasystole) இந்தச் சொல் குழம்பாதா என்று மருத்துவர்கள் கேட்கலாம். அதற்கு 'மிகைத்துடிப்பு' போதும். படிவத்தில் முன்னால் 'பெருந்தமனி' சேர்க்கலாம், பேச்சில் தேவையில்லை. எக்கியை எக்மோ வகைக்கு வைத்துக்கொள்வோமா?