கேட்வே: மீட்டர் பதில் தராவிட்டால் கடைசி மதிப்பா, பூஜ்யமா?

பேனல்மேன்: சாயப்பட்டறைக் கழிவுநீர் நிலையம் ஒன்று. டேங்க் லெவல் டிரான்ஸ்மிட்டர், இரண்டு ஃப்ளோ மீட்டர், எட்டு எனர்ஜி மீட்டர், எல்லாம் ஒரே ஆர்எஸ்-485 லைனில் (சீரியல் கேபிள்) மாட்பஸ் ஆர்டியூ (மீட்டர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுப் படிக்கும் முறை), 9600 பாட் (செகண்டுக்கு 9600 பிட்). மேலே நிலையத்தை ஓட்டும் கண்ட்ரோலர் பிஎல்சி, அது பேசுவது புரோஃபிநெட் (ஈதர்நெட் வழி நெட்வொர்க்). நடுவில் இரண்டுக்கும் மொழிபெயர்க்கும் கேட்வே. ஜிஎஸ்டிஎம்எல் (கேட்வேயைப் பிஎல்சிக்கு அறிமுகப்படுத்தும் ஃபைல்) ஏற்றியாயிற்று, மதிப்புகள் சரியாக வருகின்றன. மீட்டர் பதில் தராதபோது என்ன செய்வது என்று கேட்வேயில் ஒரு செட்டிங் இருக்கிறது: கடைசி மதிப்பை வைத்திரு, அல்லது பூஜ்யமாக்கு. கமிஷனிங் செய்ய வந்தவர் முதலாவதைப் போடச் சொல்கிறார். எனக்குப் பூஜ்யம்தான் சரி என்று படுகிறது. செத்த மீட்டர் செத்தது மாதிரி தெரிய வேண்டாமா?

பழையரிலே: வந்தவர் சொன்னதைக் கேளுங்கள் தம்பி. பக்கத்தில் டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் பெட்டி) ஓடினால் அதன் மின் இரைச்சலில் செய்தி சிதைந்து, சிஆர்சி (செய்தி சரியா என்று பார்க்கும் சோதனை) பிழையில் ஒன்றிரண்டு ஃபிரேம் போகத்தான் செய்யும். ஒவ்வொரு தடவையும் பூஜ்யம் காட்டினால் யூனிட் கணக்கு என்ன ஆகும்? பூஜ்யத்துக்கு விழுந்து மறுபடி ஏறும்போது, மீட்டரின் மொத்த யூனிட்டும் அந்த ஷிஃப்டில் எரிந்ததாக ரிப்போர்ட் வரும். லெவல் இன்னும் மோசம். டேங்க் காலி என்று நினைத்து பிஎல்சி பம்பைப் போட்டுவிடும்.

பேனல்மேன்: கடைசி மதிப்பை வைத்தால் மட்டும்? லெவல் 62 சதவீதத்தில் நிற்கும், ஆபரேட்டர் நிம்மதியாக டீ குடிப்பார், டேங்க் வழிந்து ஓடும். பூஜ்யம் வந்தால் அலாரமாவது அடிக்கும்.

ஸ்கேன்டைம்: இரண்டு பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பிஎல்சிக்குத் தெரிந்த டிவைஸ் கேட்வே மட்டும்தான். அது உயிரோடு இருக்கும்வரை புரோஃபிநெட் பக்கம் பச்சை விளக்குதான். கீழே டிரான்ஸ்மிட்டர் செத்துக் கிடப்பது பிஎல்சிக்குத் தெரியாது. அளவைக் கரண்டாக அனுப்பும் 4–20 மில்லியாம்பில் ஒயர் அறுந்தால் கரண்ட் 4-க்குக் கீழே போய்விடும், உடனே பிடித்துவிடலாம். மாட்பஸ் பூஜ்யத்துக்கு அந்த வசதி கிடையாது. பம்ப் நின்றால் ஃப்ளோ பூஜ்யம், லைன் அறுந்தாலும் பூஜ்யம். எப்படிப் பிரிப்பீர்கள்? ஒவ்வொரு ஸ்லேவுக்கும் (லைனில் பதில் தரும் கருவி) ஸ்டேட்டஸ் பிட் (பதில் வருகிறதா என்று சொல்லும் 1/0) இருந்தால் அதையும் மேப்பிங்கில் சேருங்கள். மதிப்பு நிற்கட்டும், பிட் விழுந்ததும் பிஎல்சி முடிவெடுக்கட்டும்.

அப்புறம் டைம்அவுட்டை, அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். பத்து ரிஜிஸ்டர் (மீட்டரில் மதிப்பு இருக்கும் இடம்) படிக்கக் கேள்வி 8 பைட், பதில் 25 பைட். பைட்டுக்கு 11 பிட் வைத்தால் 9600-இல் சுமார் 38 மில்லிசெகண்ட். இடைவெளியும் மீட்டர் யோசிக்கும் நேரமும் சேர்த்தாலும் பதினொரு ஸ்லேவும் ஒரு செகண்டுக்குள் முடிய வேண்டும். டைம்அவுட் 1 செகண்ட், ரீட்ரை (மறுபடி கேட்பது) 3 என்று இருந்தால் செத்த ஒரு மீட்டர் ஒவ்வொரு சுற்றிலும் 4 செகண்ட் தின்னும். நல்ல மீட்டர்களின் மதிப்பும் அதற்குள் பழசாகிவிடும். டைம்அவுட் 300 மில்லிசெகண்ட், ரீட்ரை 1 போதும்.

பழையரிலே: பிட்டெல்லாம் சரி. ஆனால் டேங்க் வழிவதைத் தடுக்க கேட்வேயை நம்புவதே தப்பு. ஒரு ஃப்ளோட் ஸ்விட்சை நேராக 24 வோல்ட்டில் பிஎல்சியின் இன்புட் கார்டுக்கு இழுங்கள்.

பேனல்மேன்: ஃப்ளோட் போட்டுவிடுகிறேன் அண்ணே. ஸ்டேட்டஸ் பிட்டும் இந்த கேட்வேயில் இருக்கிறது, முதல் இரண்டு பைட். அடுத்து டோசிங் பம்ப் (கெமிக்கல் அளந்து ஊற்றும் பம்ப்) டிரைவையும் இதே லைனில் போட வேண்டும். வேகம் எழுதுவதற்கும் இதே செட்டிங்தானா?

ஸ்கேன்டைம்: இல்லை, அங்கே தலைகீழ். பிஎல்சி ஸ்டாப்புக்குப் போனாலும் கேட்வே கடைசி வேகத்தை எழுதிக்கொண்டே இருந்தால், டிரைவின் கம்யூனிகேஷன் டைம்அவுட் அடிக்கவே அடிக்காது. கெமிக்கல் கொட்டிக்கொண்டே இருக்கும். எழுதும் பக்கம் ரன் கமாண்ட், வேகம் இரண்டும் பூஜ்யம். இல்லையென்றால் எழுதுவதை நிறுத்து என்று வையுங்கள், டிரைவ் தானே ட்ரிப் ஆகி நிற்கும்.

பழையரிலே: டோசிங்குக்கு ஒப்புக்கொள்கிறேன். இதையே பொது விதியாக்கி டேங்குக்குக் காற்று ஊதும் ஏரேஷன் புளோயருக்கும் போட்டுவிடாதீர்கள். காற்று நின்றால் கழிவைத் தின்னும் பாக்டீரியா போய்விடும், அதை மறுபடி வளர்க்க வாரக்கணக்கில் ஆகும்.

ஸ்கேன்டைம்: புளோயரை யார் சார் மாட்பஸ்ஸில் ஓட்டச் சொன்னது?

பழையரிலே: ஓட்டுகிறார்கள். வந்து பாருங்கள்.